டப்ளின் கோரா, மார்க் 21-ஆ?
நூல், படம் போன்றவற்றின் விவரங்களைப் பதிவுசெய்ய உதவும் இரண்டு முறைகள் இவை. டப்ளின் கோர் 1995-இல் அமெரிக்காவில் ஓஹியோவின் டப்ளின் நகரில் நடந்த பட்டறையில் உருவெடுத்தது. தலைப்பு, படைப்பாளர் போன்ற அடிப்படைக் கூறுகள் 15தான், எதுவும் கட்டாயமில்லை. நூலகப் பயிற்சி இல்லாதவரும் சீக்கிரமே பழகிவிடலாம். புகைப்படத் தொகுப்புக்கு இது தாராளமாகப் போதும்.

ஆனால் ஒரு மொழிபெயர்ப்பு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 15 கூறுகளில் மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர், ஓவியர் எல்லோரும் 'பங்களிப்பாளர்' என்ற ஒரே இடத்தில் போய் விழுவார்கள். யார் என்ன செய்தார் என்பதே தெரியாது. நூலகப் பட்டியல்களுக்கான மார்க் 21-இல் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட இடம், அதாவது புலம், உண்டு: மூல ஆசிரியர் 100-ஆம் புலத்தில், தலைப்பு 245-இல், மொழிபெயர்ப்பாளர் 700-இல். அவர் செய்த வேலையையும் பெயருக்குப் பக்கத்திலேயே குறிக்கலாம். உழைத்தவர் அடையாளம் கரைந்துபோவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மார்க் கற்க நாளாகும், சரி. ஆனாலும் நூல்களுக்கு என் தேர்வு அதுதான். அப்புறம், மார்க்கிலிருந்து டப்ளின் கோருக்கு எளிதாக மாற்றிக்கொள்ளலாம். திரும்ப மாற்றினால் தொலைந்த விவரம் கிடைக்காது.