மலிவுப் பெட்டி கோர்ன்பிளேக்ஸும் ஹட்டன் மழையும்

"டீச்சர், உங்கள் வீட்டில் வாங்கும் அந்தக் கோர்ன்பிளேக்ஸ் விலை இறங்கியிருக்கிறதாமே, பிள்ளைகளுக்கு வாங்கலாமா?" என்று பக்கத்து வகுப்பு டீச்சர் கேட்டார். சுப்பர் மார்க்கெட் தன் சொந்தப் பெயர் போட்டு விற்கும் பெட்டியைத்தான் சொன்னார். மணி அடித்துவிட்டதால் பதில் பாதியில் நின்றது. மீதியை எழுதிவிடுகிறேன், நீண்ட நாளாக அதை வாங்கித் தின்னும் குடும்பம் என்ற உரிமையில்.

முதலில் நியாயத்தைச் சொல்ல வேண்டும். ருசியில் குறை இல்லை. பேர்போன வெளிநாட்டுப் பெட்டியையும் இதையும் தனித்தனிக் கோப்பையில் வைத்தபோது சின்னவன் இரண்டையும் முடித்துவிட்டு மூன்றாவது கேட்டான். பெரியவள் மட்டும் வெளிநாட்டுச் செதில் கொஞ்சம் பெரிது என்றாள். சோளத்தை வேகவைத்து, நசுக்கி, வறுத்தெடுத்த பண்டம்தானே இரண்டும். பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சீனி விஷயத்திலும் இது தேவலை. நம் இலங்கையில் 2019 முதல் உணவுப் பெட்டிகளில் நிறக்குறியீடு இருக்கிறதல்லவா, 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பிள்ளைகள் கைநீட்டும் சொக்லட் உருண்டைப் பெட்டிகளில் அந்தச் சிவப்பு கண்ணில் அடிக்கும். இது மஞ்சளோடு நின்றுகொள்கிறது.

இனி அந்த உறை.

அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையின் வாயை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் ஒட்டு பிரிய வேண்டும். இதில் ஒட்டு அசையாது. பக்கவாட்டில் அடிவரை கிழியும். பாதிச் செதில் பெட்டிக்குள், மீதி மேசையில். கத்தரிக்கோலால் வெட்டலாம் என்பீர்கள். வெட்டிய வாயைச் சுருட்டி உடுப்புக் கிளிப் போட்டால், தடிப்பில்லாத அந்த உறை மடிப்பிலேயே பொத்தல் விழுகிறது. பெட்டிக்கு மட்டும் பளபளப்பான அட்டை, மூடியில் செருகுவதற்கு ஒரு நாக்கு. அந்த நாக்கும் இரண்டு நாளில் கையோடு வந்துவிடும். அட்டைக்குச் செலவழித்த காசில் கொஞ்சத்தை உறைக்குக் கொடுத்தால் என்ன?

வெயில் ஊரில் இருப்பவர்களுக்கு இது சின்னக் குறையாகத் தெரியலாம். இங்கே மலைநாட்டு ஹட்டனில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை உப்பு நீர்விடும், நெருப்புக்குச்சி உரசினால் பற்றாது, சுவரில் கை வைத்தால் ஈரம். வறுத்து முடித்த செதிலில் ஈரப்பதம் நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது, அதனால்தான் மொறுமொறுப்பு. அதை வாய் மூடாத உறையில் போட்டு எங்கள் வீட்டு அலுமாரியில் வைத்தால் மூன்றாம் நாள் ஈர அட்டையை மெல்வதுபோல் இருக்கும்.

இன்னொன்று. விளம்பரத்துப் பிள்ளைகள் குளிர்ந்த பாலை ஊற்றிக்கொண்டு சிரிக்கிறார்கள். மூடுபனி கலையாத காலை ஆறு மணிக்கு ஹட்டனில் யார் பிள்ளைக்குக் குளிர்பால் கொடுப்பது? சுடுபால்தான் ஊற்றுகிறோம். நமத்த செதிலில் சுடுபால் பட்டால், சின்னவன் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டு வருவதற்குள் கஞ்சி. பாலின் கணக்கும் தனி. கோப்பைக்கு 200 மில்லிலீற்றர் என்றால் ஏறக்குறைய 25 கிராம் பால்மா. 400 கிராம் பக்கெட் இரண்டு பிள்ளைகளுக்கு எட்டு நாள். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்டி மலிவு, காலைச் சாப்பாடு மலிவில்லை.

நமத்ததைத் தாச்சியில் எண்ணெய் விடாமல், மெல்லிய நெருப்பில் இரண்டு நிமிடம் பிரட்டி, ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். அந்தக் காலையில் அதற்கு நேரம் இருந்தால் நான் ரொட்டியே சுட்டுவிடுவேனே! அடியில் தங்கும் தூள் மட்டும் எதிர்பாராத லாபம். மீன் கட்லட்டை அதில் புரட்டிப் பொரித்தால் ரஸ்குத் தூளை விட நல்ல நிறம் வருகிறது. எங்கள் வீட்டுக் கட்லட்டுக்கு உறவினர் மத்தியில் இப்போது நல்ல பெயர். காரணத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு வாங்குங்கள் என்றுதான் முடிக்க வேண்டும். ஆனால் இன்று காலையும் உறை கிழிந்து, செதில் அடுப்படி முழுக்கக் கொட்டியது. ஆகவே வேண்டாம், டீச்சர். மழை முடியும்வரை சமபோஷ வாங்குங்கள். அரிசி, சோளம், சோயா, பயறு எல்லாம் சேர்ந்த மா. தேங்காய்ப்பூவும் சீனியும் கொஞ்சம் சுடுநீரும் விட்டு உருண்டை பிடித்தால் பால் தேவையில்லை, நமத்துப்போக அதில் ஒன்றும் இல்லை. ஜனவரியில் கேட்டிருந்தால் எனக்கும் ஒரு பெட்டி எடுத்து வையுங்கள் என்றிருப்பேன்.

விலைக்கழிவு உங்களை விடவில்லை என்றால், இறுக மூடும் காலி பிஸ்கட் டின் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடையிலேயே பெட்டியைத் திருப்பிக் காலாவதித் திகதியையும் பார்த்துவிடுங்கள். திடீரென்று விலை இறங்கும் பெட்டியில் அந்தத் திகதி பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும்.