வைட்டமின்தானே என்று வாங்கிய டப்பா

அம்மாவுக்கு 2014இல் இதயத்தில் இருக்கும் மைட்ரல் வால்வை மாற்றினார்கள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் பழைய வால்வைக் கெடுத்திருந்தது. புதிதாக வைத்தது மெட்டல் வால்வு. ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றால் அம்மாவின் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்கும். "என் கடிகாரம்" என்பார்.

அந்த வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுசுக்கும் அசினோகுமரால் மாத்திரை. மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். டெஸ்ட், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது; எண் குறைந்தால் ரத்தம் சீக்கிரம் கட்டும். 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். அம்மாவுக்குப் பெரும்பாலும் நின்றது.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு அத்தை சத்து மாத்திரை ஏஜென்ட் ஆனார். ஹோட்டல் ஹாலில் மீட்டிங், கழுத்தில் அடையாள அட்டை, எல்லாம் உண்டு. "மதினி, நீங்க சாப்பிடுறது எலி மருந்து. நான் அதை நிறுத்தச் சொல்லலை. கூட இதையும் போடுங்க, வெறும் வைட்டமின்தானே, சைடு எஃபெக்டே கிடையாது" என்றாராம்.

எலி மருந்துக் கதையில் பாதி உண்மை. இதே குடும்பத்தைச் சேர்ந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. பிறகு மனிதர்களுக்கும் மருந்தாகி, 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கே கொடுத்தார்கள். ஹோட்டல் ஹாலில் இந்த மீதிப் பாதி வராது.

அறுபது கேப்ஸ்யூல் 2,450 ரூபாய். விலை தெரிந்தால் நான் கத்துவேன் என்று டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டார். அந்த மாத டெஸ்ட்டும் தள்ளிப்போனது, அது என் தப்பு.

ஆறாவது வாரம் மாடிப்படியில் மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் படுக்கவே முடியவில்லை, தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே இருந்தார். விடியற்காலையில், "கடிகாரம் சத்தமே கேக்கலைடா" என்றார். காதை வைத்துப் பார்த்தேன். துணியில் சுற்றிய கடிகாரம் மாதிரி மங்கலாக ஏதோ கேட்டது.

ஐ.என்.ஆர். 1.3. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் வால்வின் ஒரு இதழ் அசையவில்லை, ரத்தக்கட்டி. டாக்டர் முதலில் கேட்டது, "மாத்திரையை விட்டீங்களா?" அம்மா சத்தியம் செய்தார். வீட்டுக்கு ஓடி வந்து அட்டைகளை எண்ணினேன், ஒன்றுகூட விடவில்லை. தேடும்போதுதான் டிரம்முக்குப் பின்னால் அந்த டப்பா கிடைத்தது. கால்சியம், வைட்டமின் டி3, அதற்குக் கீழே பொடி எழுத்தில் வைட்டமின் கே2, எம்கே-7. அதுவும் வைட்டமின் கே-யில் ஒரு வகைதான்.

லேபிளைப் பார்த்ததும் டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ரத்தம் உறைய உதவுவது வைட்டமின் கே; அம்மாவின் மாத்திரை வேலை செய்வதே உடம்பில் அதைத் தடுத்துத்தான். கீரையைக்கூட தினம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்வது இதனால்தான். காலையில் கே-யை ஏற்றிவிட்டு ராத்திரி அதைத் தடுக்க மாத்திரை போட்டிருக்கிறார் அம்மா.

கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். கரையும்போது துண்டு உடைந்து மூளைக்குப் போகலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். நான்கு நாள் ஐ.சி.யூ. பிழைத்துக்கொண்டார், சத்தமும் திரும்பியது.

அத்தையிடம் போனேன். "கழிவு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும். மதினிதான் பாதியில விட்டுட்டாங்க" என்றார். பணம் கேட்டால் சீல் உடைத்தது எடுக்க மாட்டார்களாம். பில்லும் கிடையாது, போன் நம்பருக்கு அனுப்பிய பணம். டப்பாவில் இருப்பது உணவுப் பொருளுக்கான 14 இலக்க உரிம எண். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் உண்டு. இதய நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. அதனால் அச்சில் ஒன்றும் இருக்காது, எல்லாம் வாய்ப்பேச்சு.

வீட்டில் யாராவது வார்ஃபரின், அசினோகுமரால் சாப்பிட்டால் இன்றைக்கே அலமாரி, ஃபிரிட்ஜ், அரிசி டிரம் எல்லாம் பாருங்கள். எலும்புக்கு என்று விற்கும் கால்சியம் மாத்திரைகள் சிலவற்றிலும் கே2 இருக்கிறது. எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். டப்பாவோடு டாக்டரிடம் போய், ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள்.

அத்தை இன்னமும் ஸ்டேட்டஸ் வைக்கிறார். போன வாரம் வைத்தது: 'ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி.'