‘எல்லாமே போன்லயே’ என்று விற்ற ஹோம் தியேட்டர் கண்ட்ரோல்: மீதிப் பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

கோவையில் ஒரு வீட்டு மாடி அறை. டெனான் ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி), எப்சன் புரொஜெக்டர், டிடிஎச் செட்டாப் பாக்ஸ், ஃபயர் டிவி ஸ்டிக். நான்கையும் போனிலிருந்தே இயக்கலாம் என்று சொல்லி, பில்லில் ‘ஸ்மார்ட் கண்ட்ரோலர், புரோகிராமிங் உட்பட’ என ஒரே வரி போட்டு 38,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அலமாரியைத் திறந்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு வட்டப் பெட்டி ஒன்று இருக்கிறது. வைஃபை ஐஆர் பிளாஸ்டர்: போனின் கட்டளையை வைஃபையில் வாங்கி, சாதாரண ரிமோட்டைப் போல இன்ஃப்ராரெட் (ஐஆர்) வெளிச்சமாக வீசும் பெட்டி. ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம். கடையின் பெயர் இங்கே வேண்டாம், இதே வேலையை வேறு ஊர்களிலும் செய்கிறார்கள்.

விலை மட்டும் பிரச்சினை இல்லை. ஐஆர் பெட்டியை ஒழுங்காக அமைத்துக் கொடுக்க ஒரு நாள் ஆகும், அதற்குக் கூலி கேட்பது நியாயம்தான். ஆனால் கொட்டேஷனில் இருந்தது ‘மொபைல், லேப்டாப் இரண்டிலும் முழு கண்ட்ரோல், லைவ் ஸ்டேட்டஸ்’. ஐஆர் பெட்டியால் லைவ் ஸ்டேட்டஸ் தரவே முடியாது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை, பெரும்பாலும் நொடிக்கு 38,000 துடிப்பில், அது அறைக்குள் வீசும். அதோடு சரி. எதிரில் இருக்கும் சாதனம் அதை வாங்கியதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. போன் திரையில் பச்சையாக ‘ஆன்’ என்று எரிந்தால் ‘ஆன் அனுப்பியாச்சு’ என்று மட்டும் அர்த்தம்.

கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும். டெமோ காட்டும்போதே ரிசீவரின் சொந்த ரிமோட்டை எடுத்து வால்யூமை மாற்றுங்கள். போனில் உள்ள எண்ணும் கூடவே மாறினால் இருவழித் தொடர்பு. அசையாமல் நின்றால் ஐஆர். இந்த வீட்டில் டெமோ அன்று எல்லா ரிமோட்டுகளையும் ஒரு அட்டை டப்பாவில் போட்டு, ‘இனிமே இதெல்லாம் எதுக்கு சார்’ என்று பரணில் ஏற்றிவிட்டார்கள். காரணம் இப்போது புரியும்.

முதல் தகராறு மூன்றாம் நாள். ‘மூவி’ என்ற பட்டனைத் தொட்டால் வரிசையாக எல்லாம் ஆன் ஆக வேண்டும். வீட்டில் யாரோ செட்டாப் பாக்ஸை ஏற்கெனவே கையால் ஆன் செய்திருந்தார்கள். பட்டனைத் தொட்டதும் மற்றவை ஆன் ஆயின, பாக்ஸ் அணைந்தது. ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே குறியீடு போவதால் வரும் கோளாறு இது. பல ரிசீவர்களுக்கும் டிவிகளுக்கும் தனி ஆன், தனி ஆஃப் குறியீடுகள் உண்டு, ரிமோட்டில்தான் அவற்றுக்குப் பட்டன் இருக்காது. தேடி எடுத்துப் போட வேண்டும். இவர்கள் ஒரிஜினல் ரிமோட்டைப் பெட்டிக்கு முன்னால் பிடித்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பதிந்ததோடு புறப்பட்டுவிட்டார்கள். தனிக் குறியீடு இல்லாத செட்டாப் பாக்ஸை அணைக்காமலே விட்டுவிட்டு, பட்டன் வரிசையிலிருந்து அதன் பவரை எடுத்துவிடுவதுதான் அனுபவஸ்தர்கள் செய்வது. அழகான தீர்வு இல்லை, ஆனால் சண்டை வராது.

புரொஜெக்டர் விஷயம் இதைவிட மோசம். இந்த எப்சனை ரிமோட்டில் அணைக்க இரண்டு முறை அழுத்த வேண்டும். முதல் அழுத்தலுக்கு ‘அணைக்கலாமா’ என்று திரையில் கேட்கும், இரண்டாவதுக்குத்தான் அணையும். பட்டன் வரிசையில் ஒரே ஒரு அழுத்தல்தான் பதிவாகியிருந்தது. கேள்வி சில நொடி நின்று மறைந்தது, விளக்கு விடிய விடிய எரிந்தது. புகார் சொன்னதும் வந்து இரண்டாவது அழுத்தலைச் சேர்த்து, இடையில் இரண்டு நொடி இடைவெளி கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாகப் புரொஜெக்டரின் மின் இணைப்பில் ஒரு ஸ்மார்ட் பிளக்கை மாட்டி, ‘ஆஃப்’ தொட்டால் கரண்டே போகிற மாதிரி செய்துவிட்டார்கள். விளக்கு வைத்த புரொஜெக்டருக்கு இப்படிச் செய்யவே கூடாது. பல மாடல்களில் அணைத்த பிறகும் ஃபேன் சிறிது நேரம் ஓடி விளக்கை ஆற்றும், அது முடிவதற்குள் கரண்டை எடுத்தால் விளக்கின் ஆயுள் குறையும். உங்கள் வீட்டில் புரொஜெக்டருக்கு ஸ்மார்ட் பிளக் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள்.

ஃபயர் டிவி ஸ்டிக் கடைசிவரை அசையவில்லை. ‘வைஃபை வீக்கா இருக்கு’ என்றார்கள். அந்தக் குச்சிக்குள் ஐஆர் வாங்கும் கண்ணே கிடையாது. அதன் ரிமோட் அதோடு பேசுவது புளூடூத்தில். எத்தனை பிளாஸ்டர் வைத்தாலும் அதற்குக் கேட்காது. நெட்வொர்க் வழியாகவோ, எச்டிஎம்ஐ கேபிளில் போகும் சிஇசி (சாதனங்கள் ஒன்றையொன்று இயக்கும் சிக்னல்) வழியாகவோதான் இயக்க முடியும். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

பிராட்பேண்ட் போன நாளில் வால்யூமைக் கூடக் குறைக்க முடியவில்லை. பெட்டியும் போனும் ஒரே அறையில் இருந்தாலும் கட்டளை இணையத்தில் எங்கோ உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. ‘லோக்கல் கண்ட்ரோல் இருக்கிறதா’ என்று கேட்டு, டெமோவின்போது ரவுட்டரின் பின்னால் உள்ள இணைய வயரை மட்டும் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். முகம் மாறும்.

இன்னொன்று எளிதில் கண்ணில் படாது. ஆப்பில் ‘ஹோம்’ உருவாக்கியது கடைப் பையனின் மொபைல் எண்ணில். வீட்டுக்காரர் அதில் வெறும் ‘மெம்பர்’. ஓனர் நினைத்தால் பெட்டியை நீக்கலாம், நேரம் வைத்து எதையும் ஓட்டலாம். பெட்டியின் ரீசெட் பட்டனை ஐந்தாறு நொடி அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாக மினுங்கும், அப்போது சொந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பதிந்து வைத்த குறியீடுகள் பழைய கணக்கோடு போய்விடும், திரும்பப் பதிய வேண்டும். சில பெட்டிகள் பழைய ஓனர் விடுவித்தால் ஒழியச் சேராது. அதனால் ஆள் வீட்டில் இருக்கும்போதே ஓனர் பொறுப்பை மாற்றி வாங்குங்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த டெனான் ரிசீவரின் பின்னால் லேன் சாக்கெட் காலியாகவே கிடந்தது. ஒரு நெட்வொர்க் கேபிளைச் செருகினால் எந்தக் கண்ட்ரோலரும் இல்லாமலே கம்ப்யூட்டரிலிருந்து இயக்கலாம். சரிபார்க்கும் வழி இது. ரிசீவரின் செட்டப் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ‘நெட்வொர்க் கண்ட்ரோல்’ என்பதை ‘ஆல்வேஸ் ஆன்’ ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் ஸ்டாண்ட்பைக்குப் போனதும் நெட்வொர்க் தூங்கிவிடும், அணைக்க முடியும், ஆன் செய்ய முடியாது. அதே பகுதியில் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் ரிசீவருக்கான எண்) குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் போய் விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ‘டெல்நெட் கிளையன்ட்’டை (நெட்வொர்க்கில் உள்ள சாதனத்துக்கு எழுத்தில் கட்டளை அனுப்பும் நிரல்) டிக் செய்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் டெல்நெட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு அந்த முகவரியைக் கொடுங்கள். போர்ட் 23 (சாதனத்துக்குள் போகும் கதவு எண்) தானாக எடுத்துக்கொள்ளும். வெற்றுத் திரை வந்ததும் பி, டபிள்யூ, கேள்விக்குறி மூன்றையும் பெரிய எழுத்தில் ஒட்டித் தட்டி என்டர் அழுத்தினால் ஆனா, ஸ்டாண்ட்பையா என்று ரிசீவரே பதில் சொல்லும். எம், வி, கேள்விக்குறி தட்டினால் வால்யூம். பதில் 45 என்று வந்தால் 45. 455 என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது 45.5. இந்த அரைப் படியைத் தெரியாமல் ஆப் எழுதுகிறவர்கள் உண்டு. பதில்கள் ஒரே வரியில் ஒன்றன்மேல் ஒன்று விழுவது கோளாறு இல்லை, ரிசீவர் புது வரிக்குறி அனுப்புவதில்லை.

இந்த லேன் வழியும் இரண்டு இடத்தில் காலை வாரும். ரவுட்டர் மாறினால் முகவரி மாறும்: 192.168.1 என்று இருந்தது, ஜியோஃபைபர் போட்டதும் 192.168.29 ஆகிவிடும், பழைய முகவரியைத் தேடும் ஆப் செத்துப்போகும். ரவுட்டரில் ரிசீவருக்கு முகவரியை ரிசர்வ் செய்து வைக்க வேண்டும். அடுத்து, டெனானின் பல பழைய மாடல்கள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டெல்நெட் இணைப்பைத்தான் ஏற்கும். லேப்டாப்பில் திறந்து வைத்துவிட்டுப் போனில் தேடினால் கிடைக்காது. ஆன்கியோ வைத்திருப்பவர்களுக்குப் போர்ட் 60128, யமஹாவுக்கு 50000. கட்டளைகள் வேறு.

புரொஜெக்டரில் லேன் இருந்தால் பெரும்பாலும் பிஜேலிங்க் (பல கம்பெனி புரொஜெக்டர்களுக்கும் பொதுவான கட்டளை முறை), போர்ட் 4352. இந்த வீட்டு எப்சனில் ஒன்பது பின் சீரியல் சாக்கெட் இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து 9600 வேகத்தில், கிராஸ் கேபிளில் (அனுப்பும், வாங்கும் வயர்கள் இடம் மாறிய கேபிள்) கேட்டால் பவர் நிலையைச் சொல்லும்: 01 எரிகிறது, 02 சூடேறுகிறது, 03 ஆறிக்கொண்டிருக்கிறது. ஸ்மார்ட் பிளக்குக்கு இது எங்கே தெரியும்? யூஎஸ்பி சீரியல் கேபிளை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். போலிச் சிப் வைத்த கேபிள் பல இருக்கின்றன, விண்டோஸ் டிரைவர் ‘கோட் 10’ என்று சொல்லி மறுத்துவிடும்.

கொட்டேஷன் வாங்கும்போது ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே ‘ஐஆர்’, ‘லேன்’, ‘சீரியல்’ எது என்று எழுதி வாங்குங்கள். கண்ட்ரோலரின் கம்பெனி, மாடல் எண், எம்ஆர்பி தனி வரியில், புரோகிராமிங் கூலி தனி வரியில், ஜிஎஸ்டி பில்லோடு. டீலர் மட்டுமே திறக்கக்கூடிய பெரிய கண்ட்ரோல் சிஸ்டம் என்றால், புரோகிராமின் சோர்ஸ் ஃபைலை (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) கடைசித் தவணைக்கு முன் ஒரு பென் டிரைவில் கேளுங்கள். அது இல்லாமல் அடுத்த டீலர் வந்தால் முதலிலிருந்து எழுதி, முதலிலிருந்து பில் போடுவார்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், பொருளுக்கும் வேலைக்கும் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் பெட்டியின் அடியில் உள்ள லேபிள், ஆப்பில் ஓனர் பெயர் தெரியும் திரை, ‘லைவ் ஸ்டேட்டஸ்’ என்று எழுதிய வாட்ஸ்அப் கொட்டேஷன் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். இந்த வீட்டில் இரண்டாவது புகாருக்கு வந்தவர்கள் ‘சர்வீஸுக்கு’ என்று பெட்டியைக் கழற்றிப் போய், வேறு பெயர் அச்சிட்ட ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். உள்ளே அதே ஐஆர்தான். பழைய லேபிளுக்கு இப்போது படம் இல்லை.