மறுசீரமைப்புக் காலமா, சிவில் உரிமைக் காலமா?

அமெரிக்க வரலாற்றில் எந்தக் காலத்தை எடுத்துப் படிப்பது என்று குழம்புபவர்களுக்கு:

இன்றோடு தொடர்பு
மறுசீரமைப்பு (1865–77, உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களை மீண்டும் இணைத்து, விடுதலையான கறுப்பினத்தவருக்கு உரிமை தர முயன்ற காலம்): அமெரிக்க மண்ணில் பிறந்தவருக்கெல்லாம் குடியுரிமை உண்டா என்ற இன்றைய வழக்குகள் 1868-இன் 14ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தில்தான் வந்து நிற்கின்றன.
சிவில் உரிமை (1954–68, கறுப்பினத்தவர் சம உரிமைக்குப் போராடிய காலம்): எந்த மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்று வரையறுத்த, 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2013இல் செல்லாதாக்கியது. அந்த அனுமதி கிடைக்காமல் முடங்கியிருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்துவதாக டெக்சஸ் அன்றே அறிவித்தது!

எளிமை
முன்னது: பழைய சட்ட நடை, பல்லை உடைக்கும்.
பின்னது: ஒளிப்படம், தொலைக்காட்சிப் பதிவு என்று கொட்டிக் கிடக்கிறது.

போராட்டம் எப்படிக் கட்டப்படுகிறது என்று அறிய, சிவில் உரிமைக் காலத்தில், பேருந்துகளில் இனப் பாகுபாட்டை எதிர்த்து 381 நாள் நீடித்த மாண்ட்கோமரி (அலபாமா மாநில நகரம்) பேருந்துப் புறக்கணிப்பே போதும். நீதிமன்றச் செய்தி புரிய வேண்டுமா? சரி, 1868-க்குப் போங்கள். என்னைக் கேட்டால் இந்த மறுசீரமைப்புக் காலம்தான் முதலில்.