வால்வு ப்ரீஆம்ப்புடன் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்: நீண்ட நாள் அனுபவம்

என் ப்ரீஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முன்னால் சிக்னலைத் தயார் செய்யும் கருவி) 12ஏஎக்ஸ்7 என்ற வால்வில், அதாவது கண்ணாடிக் குழாயில், ஓடுவது. அவுட்புட் இம்பிடன்ஸ் (ஏசி சிக்னலுக்கு இருக்கும் தடை) சுமார் 600 ஓம். பல ஆண்டுகள் அதற்கு ஜோடியாக இருந்த வால்வு பவர் ஆம்ப்பின் இன்புட் இம்பிடன்ஸ் 100 கிலோஓம். பிறகு 10 கிலோஓம் இன்புட் கொண்ட டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு மாறினேன். பவர் ஆம்ப்பின் இன்புட், ப்ரீஆம்ப்பின் அவுட்புட்டைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். இங்கே பதினாறு மடங்குக்கு மேல் இருந்தது.

குரல், வயலின், மிருதங்கம் எல்லாம் முன்பைவிடத் துலக்கமாகக் கேட்டன. பைப் ஆர்கன் இசையைப் போட்டபோதுதான் இடித்தது. காலால் வாசிக்கும் அதன் மிகத் தாழ்ந்த பெடல் சுரங்கள் எழுந்தன, ஆனால் கனம் இல்லை. டபுள் பாஸின் கீழ்த்தந்தியும் மெலிந்திருந்தது.

காரணம், ப்ரீஆம்ப்பின் கடைசியில் இருக்கும் கப்ளிங் கப்பாசிட்டர். வால்வின் உயர் டிசி வோல்டேஜ் வெளியே போகாமல் தடுப்பது அதுதான். என்னுடையதில் 0.47 மைக்ரோஃபாரட். அந்த 600 ஓம் என்பது 1 கிலோஹெர்ட்ஸில் சொல்லப்படும் அளவு. 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் கப்பாசிட்டர் மட்டுமே சுமார் 17 கிலோஓம் தடுக்கிறது. பவர் ஆம்ப்பின் இன்புட்டைவிட அதிகம்! 100 கிலோஓம் இன்புட்டுடன் 3 டெசிபல் சரிவு (வோல்டேஜ் சுமார் 70 சதவீதமாகக் குறையும் இடம்) 3.4 ஹெர்ட்ஸில் நிகழ்ந்தது. 10 கிலோஓமில் அது 32 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) அதற்கு மேலே ஒலிப்பதால் தப்பித்தது. டபுள் பாஸின் 41 ஹெர்ட்ஸ் சுரத்தில் 2 டெசிபல் போயிருந்தது.

மல்டிமீட்டரிலும் இதைப் பார்க்கலாம். பவர் ஆம்ப்பை இணைத்த நிலையிலேயே அதன் இன்புட்டில் ஏசி வோல்டேஜை அளக்க வேண்டும். ஒரே அளவு டெஸ்ட் டோனை ஓடவிட்டபோது 200 ஹெர்ட்ஸில் 1 வோல்ட் காட்டியது, 20 ஹெர்ட்ஸில் பாதியை ஒட்டி நின்றது.

மெக்கானிக்கிடம் கொடுத்து 3.3 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் கப்பாசிட்டர் போட்டேன். உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அணைத்த பிறகும் மிச்சம் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் தொடவே கூடாது. சரிவு இப்போது 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ஆர்கனின் பெடல் சுரம் தரையில் அதிர்வாக வந்து சேர்கிறது, அந்தச் சுகமே தனி. இத்தனை காலமாகக் கேட்டும் இந்த ஜோடியை மாற்றத் தோன்றவில்லை.

ஒரு தொல்லை உண்டு. கப்பாசிட்டர் பெரிதானதால், பவர் ஆன் செய்யும்போது அது சார்ஜ் ஆகும் அதிர்ச்சி ஸ்பீக்கருக்குப் பெரிதாகவே போகும். அதனால் ப்ரீஆம்ப்பை முதலில் போட்டு, வால்வு சூடேறி நிலைத்த பிறகே பவர் ஆம்ப்பைப் போடுகிறேன். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில்.

இரண்டு இம்பிடன்ஸும் சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லி இடையில் டிரான்ஸ்ஃபார்மர் விற்பவர்களை நம்ப வேண்டாம். சமமாக இருந்தால் வோல்டேஜில் பாதி ப்ரீஆம்ப்பிலேயே நின்றுவிடும். வால்வு ப்ரீஆம்ப் வாங்கப் போகிறவர்கள் அவுட்புட் இம்பிடன்ஸை 20 ஹெர்ட்ஸில் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண் தெரியாவிட்டால், கப்ளிங் கப்பாசிட்டரின் மதிப்பையாவது கேட்டு வாங்குங்கள்.