ம்லீதா மலை அருங்காட்சியகம்: சுரங்கம் அருமை, சையித் அப்பாஸைத்தான் காணோம்

தென் லெபனானின் இக்லீம் அல்துஃபாஹ் மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள ம்லீதா, ஒரு காலத்தில் லெபனானின் ஷியா ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவின் போராளிகளுக்கு முன்னணிக் காவல் முகாம். இஸ்ரேலியப் படை தென் லெபனானை விட்டு வெளியேறிய பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி, 2010 மே மாதத்தில் அந்த இயக்கமே இதை அருங்காட்சியகமாக மாற்றித் திறந்தது. நான் சென்றது 2023இல் எல்லையில் மீண்டும் போர் மூள்வதற்கு முன்பு. ஹிஸ்புல்லாவைப் பல நாடுகள் பயங்கரவாத இயக்கமாக அறிவித்துள்ளன. அந்த இயக்கம் தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ளும் இடம் இது என்பது நுழைவாயிலிலேயே தெரிந்துவிடும். எனக்கு அங்கே போக வேண்டிய காரணம் ஒன்றுதான்: ஈராக்கின் நஜஃப் நகரில் மார்க்கக் கல்வி கற்று, பின்னாளில் ஹிஸ்புல்லாவின் பொதுச் செயலாளரான சையித் அப்பாஸ் அல்மூஸவி என்ற ஷியா மதகுரு எப்படிப் போர்க்களத் தளபதியானார் என்பதை அந்த மலையில் நின்று அறிந்துகொள்ள விரும்பினேன்.

வசதிகளைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. நான் சென்றபோது நுழைவுக் கட்டணம் சொற்பம், வளாகம் துப்புரவாக இருக்கிறது, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி உடன் வருகிறார். முதலில் அரங்கில் ஒரு குறும்படம். பிரசாரப் படம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அது. வெளியே வந்தால் அல்ஹாவியா, அதாவது படுகுழி எனப்படும் வட்ட வடிவப் பள்ளம். இஸ்ரேலியப் படையிடமிருந்து கைப்பற்றிய தலைக்கவசங்களும் வாகனச் சிதைவுகளும் அதில் இறைந்து கிடக்க, நடுவே மெர்காவா டாங்கி ஒன்று பீரங்கிக் குழாயில் முடிச்சுப் போடப்பட்டு நிற்கிறது. வருபவர்கள் எல்லோரும் அதன் முன் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த முடிச்சு சற்று மலிவான வேடிக்கையாகத்தான் பட்டது.

சுரங்கம் வேறு ரகம். பாறையைக் குடைந்து ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்துக்கு அமைத்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முறைவைத்து மூன்று ஆண்டுகள் தோண்டியதாக வழிகாட்டி சொன்னார். உள்ளே நுழைந்ததும் குளிர் உடம்பில் ஏறுகிறது. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிகிறது. கட்டளை அறை, சமையலறை, தொழுகை இடம் என்று பாறைக்குள்ளேயே ஒரு குடியிருப்பு. மறுமுனையில் வெளியேறும்போது கண்முன்னே விரியும் பள்ளத்தாக்கையும், இஸ்ரேலியப் படையும் அதன் கூட்டாளிகளும் நிலைகொண்டிருந்த எதிர்க் குன்றுகளையும் பார்த்தால், இந்த மலைக்காக இரு தரப்பும் ஏன் இத்தனை ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள் என்பது எந்த விளக்கப் பலகையும் இல்லாமலேயே விளங்கிவிடும்.

நான் தேடிப்போன மனிதருக்கு அங்கே கிடைத்திருப்பது, மரங்களுக்கிடையே செல்லும் பாதையோரம் அவர் தொழுததாகக் காட்டப்படும் இடம் மட்டுமே. வழிகாட்டி அங்கே குரலைத் தாழ்த்தி இரண்டு வாக்கியம் பேசிவிட்டு அடுத்த பீரங்கிக்கு நகர்ந்துவிட்டார். இது பெரிய ஏமாற்றம், ஏனென்றால் அந்த வாழ்க்கையில் சொல்லச் சொல்லத் தீராத அளவுக்குச் செய்தி இருக்கிறது.

பிகா சமவெளியின் நபி ஷீத் கிராமத்தில் 1952இல் பிறந்த மூஸவி, லெபனான் ஷியாக்களின் தலைவராக இருந்த இமாம் மூஸா அல்சத்ரின் ஈர்ப்பால் மார்க்கக் கல்விக்கு வந்து, பின்னர் நஜஃபில் ஷியா மார்க்க அறிஞர் முகம்மது பாகிர் அல்சத்ரிடம் பயின்றார். 1976இல் கையில் காசில்லாமல் அங்கு வந்து சேர்ந்த பதினாறு வயதுப் பையனைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை ஆசிரியர் இவரிடம்தான் ஒப்படைத்தார்; அந்தப் பையன்தான் பின்னாளில் ஹிஸ்புல்லாவின் தலைவரான ஹசன் நஸ்ருல்லா. ஈராக் அரசின் கெடுபிடி முற்றியதால் 1978இல் நாடு திரும்பி, பஅல்பக்கில் மார்க்கக் கல்விக்கூடம் நடத்தினார். 1982இல் இஸ்ரேல் லெபனானுக்குள் படையெடுத்ததும், ஈரானின் புரட்சிக் காவல் படையினர் பிகாவுக்கு வந்து பயிற்சி முகாம் அமைத்தபோது, பாடம் நடத்திக்கொண்டிருந்த இந்த ஆசிரியர் முதல் அணியிலேயே மாணவராகச் சேர்ந்து ஆயுதப் பயிற்சி பெற்றார். 1985 இறுதியிலிருந்து 1988 வரை இயக்கத்தின் ஆயுதப் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்தார். நபிகளின் வழித்தோன்றலான மதகுரு என்பதைக் காட்டும் கறுப்புத் தலைப்பாகை அணிந்த ஒருவர் முன்னணி நிலைகளில் போராளிகளோடு தங்கினார் என்றால் அது அவர்களிடம் என்ன விளைவை உண்டாக்கியிருக்கும் என்பதைக் காட்டுவதற்கு ம்லீதாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அதை விட்டுவிட்டு இரும்புத் துண்டுகளை எண்ணிக் காட்டுகிறார்கள்.

விட்டுவிட்டதற்குக் காரணமும் ஊகிக்கக்கூடியதே. அந்த ஆண்டுகளை விரிவாகச் சொல்லப் புகுந்தால், எண்பதுகளில் மேற்கத்தியர்கள் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டதையும், 1988 பிப்ரவரியில் ஐ.நா. கண்காணிப்பாளராக இருந்த அமெரிக்கக் கர்னல் வில்லியம் ஹிக்கின்ஸ் கடத்தப்பட்டதையும், அதையொட்டி இன்னொரு ஷியா அமைப்பான அமல் இயக்கத்துக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் இடையே மூண்ட சண்டையையும் சொல்லியாக வேண்டும். ஷியாக்கள் ஷியாக்களையே கொன்ற அந்தச் சண்டை 1990 வரை நீடித்தது. அதன் கடுமையான மோதல்கள் பல நடந்தது இதே இக்லீம் அல்துஃபாஹ் ஊர்களில். வழிகாட்டியிடம் கேட்டேன். ‘அது முடிந்துபோன விஷயம்’ என்றார், முகம் சுளிக்காமல்.

மூஸவியின் முடிவும் இங்கே ஒற்றை வரிதான். 1991 மே மாதத்தில் பொதுச் செயலாளரான அவர், 1992 பிப்ரவரி 16 அன்று, 1984இல் அதே தேதியில் கொல்லப்பட்ட ஷியா மதகுரு ஷேக் ராகிப் ஹர்பின் நினைவுக் கூட்டத்தில் ஜிப்ஷீத்தில் பேசிவிட்டுத் திரும்பும் வழியில், இஸ்ரேலிய ஹெலிகாப்டர்கள் ஏவிய ஏவுகணைகளுக்கு இரையானார். மனைவி சிஹாமும் மகனான சிறுவன் ஹுசைனும் உடன் இறந்தனர். ஒரு மாதம் கழித்து, மார்ச் 17 அன்று, அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரஸ் நகரில் இஸ்ரேலியத் தூதரகக் குண்டுவெடிப்பில் 29 பேர் உயிரிழந்தனர். பொறுப்பேற்ற குழு அந்தச் சிறுவனின் பெயரைச் சொன்னது. தலைமைப் பொறுப்பு, நஜஃபில் அவர் கைப்பிடித்து நடத்திய நஸ்ருல்லாவிடம் சென்றது. கொலையால் இயக்கம் தளரும் என்ற கணக்கு எவ்வளவு தவறிப்போனது என்பதை வைத்தே ஒரு தனிக் கூடம் அமைக்கலாம். நினைவுப்பொருள் கடைக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி போதும்.

சுரங்கத்துக்கும் நிலவமைப்புக்கும் ஐந்துக்கு நான்கு தரலாம். வரலாற்றுக்கு ஒன்றரைக்கு மேல் மனம் வரவில்லை. மூஸவிக்காகவே போகிறவர்கள், அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் நபி ஷீத்தையும் தனியாக ஒரு நாள் பார்ப்பது நல்லது. இரண்டையும் ஒரே நாளில் அடைக்க முயன்றால் காரிலேயே பொழுது போய்விடும். ம்லீதாவுக்குச் சைதாவிலோ நபதிய்யாவிலோ வாடகைக் கார் பேசிக்கொள்ளுங்கள். காரை மேலேயே காத்திருக்கச் சொல்லிவிடுவது உத்தமம், திரும்பும்போது அங்கே வண்டி கிடைக்காது. 2024 போருக்குப் பிறகும் தென் லெபனானில் வான்வழித் தாக்குதல்கள் தொடர்ந்திருப்பதால், பெய்ரூட்டில் உள்ளவர்களிடம் அன்றைய நிலவரத்தை விசாரிக்காமல் அந்தப் பக்கம் கிளம்ப வேண்டாம்.