குதிரையா, கவுன்சிலிங்கா?

மனசு சரியில்லாத பிள்ளையைக் கவுன்சிலிங்குக்குக் கூட்டிப்போவதா, குதிரையோடு பழகவைக்கும் குதிரை சிகிச்சைக்கா? பெங்களூரு அல்சூரிலிருந்து மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு ஆட்டோவில் போய்விடலாம். குதிரை லாயத்துக்கு ஊருக்கு வெளியே, தேவனஹள்ளிப் பக்கம் போகவேண்டும்; டிராஃபிக்கில் அரை நாள் காலி. ஆனாலும் பதின்ம வயசுப் பிள்ளை கவுன்சிலர் முன்னால் வாயே திறக்கவில்லை என்றால் என் ஓட்டு குதிரைக்குத்தான்.

ஏறிச் சவாரி செய்யவேண்டும் என்றுகூட இல்லை. உடம்பைத் தேய்த்துவிடுவது, கயிறு பிடித்து நடத்துவதுதான் பெரும்பாலும். வேட்டையாடப்படும் இனம் என்பதால், எதிரில் நிற்பவரின் பதற்றத்தைக் குதிரை சட்டென்று கண்டுகொள்ளும். காதைப் பின்னுக்கு மடிக்கும், விலகும். நாம் மூச்சை நிதானமாக்கினால் அதுவும் தணியும். பேசாமலேயே கிடைக்கும் பாடம் அது.

ஆனால் இந்தச் சிகிச்சை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. கூடவே மனநல நிபுணர் இல்லாவிட்டால் அது வெறும் சவாரி வகுப்புதான் (கட்டணம் மட்டும் சிகிச்சைக் கட்டணம்!). கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் என்றால் நேரே மருத்துவர்தான். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.